உட்பக்கத்து நாலு எண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாலினியின் கார் என் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பியது. ஆறே முக்காலுக்கு நான் அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் எவ்வளவு பெரிய மேதாவியாக நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1. ஆயில்

ஆண்டர்சன்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைப்பதற்கு முன்னால் நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைனில், பிட்டர். ஆட்களைச் சுரங்கக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் என்கிற கூண்டும், அதைத் தாங்கும் ரோப் என்கிற இரும்புக் கயிறும் எங்கள் செக்‌ஷன் பொறுப்பு. மைன் மூடியதும் ஸ்பானரைக் கார் பக்கம் திருப்பினேன்.

மாலினி பெங்களூரில் பல் டாக்டர். அவள் அப்பா முனிரத்தினம் அண்ணன் அந்தக் கேஜில் இருபது வருஷம் இறங்கி ஏறியவர். அவள் வாங்கியது இருபது வயதான வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், இன்ஜின் பின்பக்கம். சர்வீசுக்கு வரும்போதே கையில் ஒரு ஆயில் டப்பாவோடு வந்தாள்.

"சித்தப்பா, இதுவும் அதே கிரேடுதான். பிரெண்டு குடுத்தான்."

"கிரேடு ஒத்துப் போனா ஆச்சா? கார் கம்பெனி புக்குல அப்ரூவல் நம்பர்னு ஒண்ணு போட்டிருக்கான். அது டப்பா பின்னாடி இருக்குதா, காட்டு."

"இந்த வண்டிக்குப் பொருந்தும்னு எழுதியிருக்கே."

"பொருந்தும்னு நான்கூடத்தான் எழுதுவேன். கார் கம்பெனி டெஸ்ட் பண்ணி ஒத்துக்கினானா இல்லையா, அதான் பேச்சு. எடுத்துனு போ."

டயர் மெஷின் பார்க்கும் என் மச்சான் சேகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பழைய இன்ஜின் மாமா, கொஞ்சம் திக்கா ஊத்தினா சத்தம் அடங்கிடும்" என்றான். அவனுக்கும் கிடைத்தது. காலைக் குளிரில் அந்தக் கெட்டி ஆயில் இன்ஜின் மேல்பக்கம் போய்ச் சேருவதற்குள் உள்ளே என்னென்ன தேயும் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அப்ரூவல் நம்பர் உள்ள ஆயிலை வரவழைத்துத்தான் ஊற்றினேன். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

2. டயர்

நாலு டயரும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனி தன் காருக்கென்று டெஸ்ட் பண்ணி ஒப்புக்கொண்ட டயரில், சைஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத டயரை மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முன்பக்க ஜோடி வந்துவிட்டது. பின்பக்க ஜோடிக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

மாலினியின் முகம் விழுந்துவிட்டது. "அப்பாவுக்கு வியாழக்கிழமை ஹார்ட் ஆபரேஷன் சித்தப்பா. அதுக்கு முன்னாடி அவர ஒரு தடவ எக்ஸ்பிரஸ்வேல கூட்டினு போகணும். இந்த ஞாயிறு உட்டா அப்புறம் எப்பன்னு தெரியாது."

அன்று முழுக்க போனும் கையுமாக இருந்தேன். கடைசியில் பெங்களூரில் ஒருவரிடம் அதே சைஸ், அதே முத்திரையோடு ஒரு ஜோடி கிடைத்தது. "ஹொசது சார், புதுசு, ஒரு கிலோமீட்டர்கூட ஓடல" என்றார். சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கியது. அவர் சொன்னது உண்மைதான். ரப்பர் மேல் முடி மாதிரி நிற்குமே, அதுகூட உதிரவில்லை. வெளிப்பக்கத்தில் சைஸையும் முத்திரையையும் தடவிப் பார்த்துவிட்டுச் சேகரிடம் தள்ளினேன். அவன் மாட்டினான்.

3. முனிரத்தினம் அண்ணன் கேட்டது

மைனில் ரோப்புக்கு ஆயுசு உண்டு. பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் நாள் முடிந்தால் கழற்றிவிடுவோம். மாட்டிய தேதி போர்டில் எழுதியிருக்கும். முனிரத்தினம் அண்ணன் கேஜில் கால் வைக்குமுன் தினமும் கேட்பார்: "இன்னாப்பா, ரோப் எப்ப மாட்டினது?" போர்டைப் பார்த்துத் தேதி சொல்வேன். அப்புறம்தான் ஏறுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் காரின் பின் டயரைத் தட்டிவிட்டு அதையே கேட்டார். "இன்னாப்பா, ரோப் எப்ப மாட்டினது?"

எல்லாரும் சிரித்தோம். "புத்தம்புதுசுண்ணே, ஏறுங்க" என்றேன்.

கார் போனது. சேகர் டீ வாங்கி வந்தான். ஒரு வாய் குடித்ததும்தான் உறைத்தது. டயர் தயாரான வாரமும் வருஷமும் நாலு எண்ணாக அதன் பக்கச் சுவரில் இருக்கும். பல டயர்களில் அது ஒரு பக்கம் மட்டும்தான்.

"சேகரு, பின் டயருல தேதி இன்னா போட்டிருந்துச்சு?"

"வெளிய இல்ல மாமா, உள்பக்கம் இருந்திருக்கும். நீங்க பாத்திருப்பீங்கன்னு மாட்டிட்டேன்."

மாலினிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியவனும் நான்தான்.

என் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினோம். பேத்தமங்கலம் தாண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிவிட்டால் அவள் மிதிப்பாள், அதற்காகத்தானே போகிறாள். அந்தக் காரில் எடை முழுக்கப் பின்பக்கம். ஓடாமலே வருஷக்கணக்கில் கிடந்து கெட்டிப்போன ரப்பராக இருந்து, அந்த வேகத்தில் சூடானால் உரிந்துகொண்டு போகும். சேகர் ஓட்டினான். நான் மறுபடி மறுபடி டயல் செய்தேன். மைனில் இருந்த காலத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பேத்தமங்கலம் முனையில் பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு டீக்கடை. அங்கே நின்றது கார். அண்ணன் டீ கேட்டாராம். அவ்வளவுதான்.

யாரிடமும் பேசாமல் நேராகப் போய்க் காருக்கு அடியில் படுத்தேன். துணியால் துடைத்து, போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்தேன். பதின்மூன்று வயது டயர். பள்ளங்களுக்குள் முடி போல விரிசல் ஓடியிருந்தது.

எழுந்து மாலினியிடம் சொன்னேன். "தப்பு என்னுதும்மா. தேதி பாக்கல. இந்த டயர்ல நீ போகக் கூடாது."

அவள் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு உட்டா எப்ப சித்தப்பா?"

அண்ணன் ஆபரேஷனிலிருந்து திரும்பி வராவிட்டால், அவருடைய அந்த ஒரு பயணத்தைக் கெடுத்தவன் நான்தான். அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து ஆம்னியில் ஏறிக்கொண்டார்.

"டயரு பழசா இருக்கலாம்பா, அது ஒண்ணும் இல்ல" என்றார். "நான் கேட்டேன். நீ போர்டப் பாக்காம பதில் சொன்ன. மைன்ல நீ ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்ல."

கார் லாரியில் திரும்பியது.

அப்ரூவல் முத்திரை, டயர் அந்தக் காருக்குச் சரியா என்று சொல்லும். அதன் வயதைச் சொல்லாது. இப்போது மாட்டுவதற்கு முன்பே நாலு எண்ணைப் படித்து, வண்டிக்காரர் காதில் விழச் சொல்கிறோம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லவும் பழகியிருக்கிறேன். நாற்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து முத்திரையோடு புது டயர் வந்தது. நானே எண்ணைப் படித்து நோட்டில் எழுதி மாட்டினேன். முனிரத்தினம் அண்ணன் நெஞ்சில் தையல் தழும்போடு, ஒரு சுற்று இளைத்து, மாலினியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கார் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

"இன்னாப்பா, ரோப் எப்ப மாட்டினது?"

தேதி நோட்டில் இருந்தது. எனக்கு மனப்பாடமும்கூட. இருந்தாலும் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன்.