கத்தி விற்கிற உலகநாதன்

உலகநாதன் ஆட்டுக்கறி வாங்கினால் சமைக்கத்தான் என்று நினைத்துவிட முடியாது. அறுவைச் சிகிச்சைக் கருவி விற்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. டாக்டர்கள் முன்னால் கறித்துண்டைத் தட்டில் வைத்து, பழைய காட்டரியால் ஒரு கோடு, தன் கம்பெனியின் அல்ட்ராசானிக் கத்தியால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். காட்டரி மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும். புகை வரும், சதை கருகும். புதியது அதிர்ந்தபடியே அறுத்து ரத்தக்குழாயையும் அடைத்துவிடும், கருகல் குறைவு. “ரத்தமே தெரியாது, மேடம்” என்று முடிப்பார். ஹைதராபாத் லாலாகுடாவில் இருக்கிற வீட்டில் கண்ணாடி முன் நின்று இதைச் சொல்லிச் சொல்லி மனைவி ஜலஜாவுக்கும் மனப்பாடமாகிவிட்டது. கடையில் வாங்கின கறியில் ரத்தம் எங்கிருந்து தெரியும் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

அந்த ஜலஜாவின் மார்பில் கட்டி வந்தது.

சிகிச்சைக்குப் போனது மதுரைக்காரரான டாக்டர் பத்மப்ரியாவிடம். அவருடைய ஆஸ்பத்திரியில்தான் உலகநாதனின் கருவி அப்போது வெள்ளோட்டத்தில் இருந்தது. நோயாளிகளிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதியது. எதில் ரத்தம் குறைவு, பிறகு காயத்தில் வைத்த குழாய் வழியே நீர் எவ்வளவு வடிகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதாகப் பேச்சு.

புதியதை எடுக்கும்போதெல்லாம் தியேட்டர் மூலையில் உலகநாதன் நிற்பார். ரத்தக்குழாய் அடைபடும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். டாக்டருக்கோ வேகமான கை. முன்னதாகவே விட்டுவிடுவார்; ரத்தம் கசியும்; காட்டரியைக் கேட்டு வாங்குவார். “இன்னும் கொஞ்சம் பிடிங்க மேடம். பழகிடும்” என்பார் உலகநாதன். பழகத்தான் போகிறது. எப்போது என்றுதான் அவருக்குத் தெரியாது.

அறுவைக்குத் தேதி குறிக்கிற அன்று காலையிலேயே மானேஜர் ராகவேந்திரா போன் செய்திருந்தார். “சொந்த மனைவிக்கே இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்தம்மா வாங்காம இருப்பாங்களா?”

“ரெண்டு கருவி இருக்கும்மா” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

“தெரியும் மேடம். ரத்தமே தெரியாது” என்றாள் ஜலஜா.

டாக்டர் சிரித்துவிட்டார். “உலகநாதன், நீங்களே சொல்லுங்க. வீட்டம்மாவுக்கு எதை வைக்கட்டும்?”

“உங்க இஷ்டம் மேடம்.”

“காய்கு, ஏன் இப்படி மழுப்பறீங்க?” என்று ஊர் உருது கலந்து கேட்டு ஜலஜா அவர் பக்கம் திரும்பினாள். “ஊருக்கெல்லாம் சொல்வீங்களாம், எனக்குச் சொல்ல மாட்டீங்களாமா?”

உலகநாதன் தரையைப் பார்த்தார். “காட்டரியே வைங்க மேடம்.”

டாக்டர் பேனாவை மூடினார். “அப்ப இத்தனை நாளா என்கிட்ட சொன்னது?”

“கருவி நல்ல கருவிதான் மேடம். கைதான் இன்னும் பழகலை.”

“என் கையா?”

“ஹவ் மேடம்.”

ஹைதராபாத் வந்து சில வருடங்களாகியிருந்ததால் அந்த ‘ஹவ்’ என்பது ‘ஆமாம்’தான் என்று டாக்டருக்குப் புரிந்தது.

அறுவை நடந்த அன்று உலகநாதன் முதல்முறையாகத் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அது உதவவில்லை.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். “நல்லபடியா முடிஞ்சுது. ரத்தம் ரொம்பப் போகலை.” முகக்கவசத்தைக் கழற்றினார். “மிஷினை எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க வீட்டம்மாவுக்கு வேண்டாம்னா மத்தவங்களுக்கு மட்டும் எப்படி வைக்கிறது? நான் எங்கேயாவது போய் ஒழுங்கா கத்துக்கிட்டு வரேன். அப்புறம் பார்ப்போம்.”

உலகநாதன் தலையாட்டினார்.

ஜலஜா வார்டில் பாதி மயக்கத்தில் இருந்தாள். “எதை வச்சாங்க?”

“காட்டரி.”

“வலிக்குது.”

“எதை வச்சாலும் வலிக்கும்மா.”

“இதை யார்கிட்டயும் சொன்னதில்லையே நீங்க” என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்து அவரே மானேஜருக்குப் போன் செய்தார்.

“மிஷின் திரும்பி வருது சார். இப்போதைக்கு வாங்கப் போறதில்லை.”

“ஏன்? உங்க வீட்டம்மாவுக்கு எதை வச்சாங்க?”

“காட்டரிதான் சார். நான்தான் சொன்னேன்.”

ராகவேந்திரா கத்துவார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

“எப்படி இருக்காங்க?” என்றார் ராகவேந்திரா.

“தூங்கறா சார்.”