துவைத்துவிட்ட விரிப்பு

வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தன் வீட்டு முன்னறையில் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டு வருபவர் அவர். குழந்தைகள், பெற்றோர், மாடி வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் 'அத்தை'.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பால் குடித்துத் தூங்கிய எட்டு மாதப் பையன் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினார், கத்தினார். ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை.

வீடு திரும்பியதும், என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், பையன் கக்கியிருந்த விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டார். ஈரம் சொட்டி முடிவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

பஸ் ஓட்டும் கணவர் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்: "துவைச்சதை மட்டும் சொல்லிடாதே. தடயத்தை அழிச்சோம்னு உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."



வந்த பெண் அதிகாரி சொன்னார்: "காரணம் தெரியாம ஒரு குழந்தை இறந்தா விசாரிச்சே ஆகணும்மா, அது சட்டம். பிரேதப் பரிசோதனையும் கட்டாயம். பெத்தவங்க வேண்டாம்னாலும் விட முடியாது. உங்களைச் சந்தேகப்படுறோம்னு நினைக்காதீங்க."

கடைசி வார்த்தை அத்தையின் காதில் ஏறவில்லை.

அதிகாரி ஒரு துணிப் பொம்மையை நீட்டினார். "எப்படிப் படுக்க வெச்சீங்க? காட்டுங்க."

பொம்மை கை நழுவிக் கீழே விழுந்தது. ஐயோ, பிள்ளையையும் இப்படித்தான் போட்டேன் என்று நினைப்பார்களே! பதறி எடுத்து மல்லாக்கக் கிடத்தினார்.

"விரிப்பு எங்கே?"

கணவர் இருமினார்.

"துவைச்சுட்டேன் மேடம். கக்கியிருந்தான். வேணும்னு செய்யல, பழக்கத்துல கை தானா துவைச்சிடுச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். "சொன்னது நல்லது. உள்ள வரும்போதே கொடியில பார்த்துட்டேன்."

ஐந்து வாரம் ஒரு குழந்தையும் வரவில்லை. வாசலில் வண்டி நின்றாலே அத்தை குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். ஒருநாள் கதவைத் தட்டியது பையனின் அம்மா.

"அவனுக்கு இதயத் தசை தடிச்சிருந்துச்சாம் அத்தை, பரம்பரையா வர்றதாம். என் மூத்த பொண்ணையும் பரிசோதிச்சாங்க, அவளுக்கும் இருக்கு. மருந்து ஆரம்பிச்சாச்சு. பையனை அறுக்கக் கூடாதுன்னு நான் போலீஸ் கால்ல விழுந்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தாங்கன்னா அவளும்..." அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களையும் திட்டாத திட்டு இல்ல."

அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இப்போது மூன்று குழந்தைகள் வருகின்றன. அவை அசந்து தூங்கினால் அத்தைக்குப் பயம். பத்து நிமிடத்துக்கொருமுறை மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறார். அதிலேயே விழித்து வீறிடும் குழந்தையும் உண்டு.

"அழட்டும்" என்கிறார்.