பஸ்ஸிலேயே டொக்டராகிவிட்டேன்

பதுளையில் உயர்தர வகுப்புக்குச் சேர்ந்துவிட்டு, அம்மாவுடன் நமுனுகுல பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன்.

அதிபர் "எந்தப் பிரிவு?" என்று கேட்டபோது, அம்மா வெளியே நின்று கொழும்பு மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் "கலை" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வரலாறுதான் பிடிக்கும்.

அம்மா நான் டொக்டராவதற்கான பயோ பிரிவை எடுத்ததாகவே நினைக்கிறார். நேற்றுக் காலை தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டில், நான் பயோ எடுக்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லியும் விட்டார். பெரட்டில் சொன்னால் தோட்டத்துக்கே சொன்ன மாதிரி.

வழியில் ஏறிய பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்ததும் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "டொக்டரம்மா, இந்த முட்டி வலிக்கு என்னா செய்யலாம்?" என்றார்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, பெரியம்மா."

அம்மா பூரித்துப்போனார். "பாத்தீங்களாக்கா? இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல!"

இப்போது முன் சீட்டுக்காரர் திரும்பித் தன் பிரஷர் மாத்திரையை என்னிடம் நீட்டுகிறார்.

கலைப்பிரிவு எடுத்த அக்காமாரே, வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த ஹோல்ட்டில் நாங்கள் இறங்க வேண்டும். லயம் முழுக்கக் கொடுக்க அம்மா வாங்கிய லட்டுப் பெட்டி என் மடியில்தான் இருக்கிறது.