மூன்று மொழிகளும் ஒரு நாய்க்குட்டியும்

எட்டாவது மாதம் வரை அது நாய்க்குட்டியாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் வீட்டில் ஒரு விடலைப் பையன் வளரத் தொடங்கினான். டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தான்கள், வீட்டில் இருந்த எல்லா ஜோடிச் செருப்புகளிலும் ஒன்று, பி.யூ.சி. படிக்கும் மகளின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் பாதி, எல்லாம் ஒரே மாதத்தில் போயின.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் பயம் கேட்டைப் பற்றியது. பெங்களூர் தொம்மலூரில் மெயின் ரோட்டிலிருந்து நான்காவது வீடு எங்களுடையது. தாழ்ப்பாள் சரியாக விழாது. அது ஓடிப்போய் லாரியில் அடிபட்டுவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொன்ன பேச்சை அது கேட்காததற்கு நாங்களே காரணம். என் கணவர் அதனிடம் "கம்" என்பார்.

"நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவுல எந்த நாயாவது தமிழ்ல கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா?"

"அப்பா, இது பொறந்தது நம்ம தெரு முனைல. அதோட அம்மா கன்னட நாய்," என்று சொல்லி, மகள் கன்னடத்தில் "இல்லி பா" என்று கூப்பிடுவாள். நான் "வாடா" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் வாங்கி வந்த என் கணவர் கேட்டைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். கொடியில் காய்ந்த மகளின் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு அது வெளியே பாய்ந்தது. நாங்கள் மூவரும் துரத்தினோம். துரத்தினால் அதற்கு விளையாட்டு. நடு ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. கம். இல்லி பா. வாடா. ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. வளைவில் தண்ணீர் லாரி திரும்பியது.

நான் அப்படியே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். ஆட்டத்திலிருந்து ஒருத்தி ஏன் விலகிவிட்டாள் என்று பார்க்க வந்ததோ என்னவோ, துப்பட்டா இழுபட என்னிடம் ஓடி வந்தது. அதன் வாலுக்குப் பின்னால் லாரி கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்மா, நாயைக் கட்டிப் போடுங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க."

அன்று மாலை என் மடியில் தலை வைத்து அது தூங்கியது.

"சரி, இனிமே ஒரே பாஷை. எது?" என்றார் கணவர்.

"சோறு போடறது யாரு? அம்மாதானே. அப்ப அம்மா பாஷைதான்," என்றாள் மகள்.

மறுநாள் அவர் "வாடா" என்று பழகினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் பேசியிருப்பாரே, அந்தக் குரலில். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கேட் திறந்து கிடந்தது. அது பாதி உடம்பை வெளியே விட்டிருந்தது. நாங்கள் யாரும் ஓடவில்லை. அவர் மட்டும் கூப்பிட்டார். நின்று, யோசித்து, திரும்பி வந்தது.

வந்துவிட்டதுதான். ஆனாலும் கேட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் நான் இட்லி ஊற்றப் போனேன்.