பூட்டுக்காரர் போட்ட படங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் கூப்பிட்டால் போவார். ஒரு கம்பியும் ஒரு நிமிடமும் போதும், கதவு திறந்துவிடும். அதோடு விடமாட்டார். "ஒத்தப் பூட்ட நம்பி எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டு, இரண்டாவது பூட்டை விற்றுவிட்டுத்தான் வருவார்.

அதே புத்தியோடுதான் எங்கள் பன்னிரண்டு வயதுப் பெண்ணை வளர்த்தார். அவள் பாட்டுக் கேட்கும் பழைய போனில் நாலு ரகசிய எண் போட்டார். நாலையும் தானே மறந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள்; இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு அம்மா வந்தார். "நீங்க போடுற படத்தையும் கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் இவர் எழுந்து அரை மணி நேரம் பூட்டின் பெருமையைப் பேசினார். அதை என்னை வீடியோ எடுக்கச் சொல்லி, வீடு வந்து சேர்வதற்குள் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டும் விட்டார்.

அந்தப் பக்கத்தில்தான் என் பெண்ணின் முழுச் சரித்திரமும் இருக்கிறது. பிறந்த நாள், சீருடை, பள்ளி வாசல், ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் இடம், வீட்டில் 'குட்டிமா' என்று கூப்பிடுவது வரைக்கும். நான் சொல்லாமலா இருந்தேன்? "எதுக்குங்க ஊருக்கெல்லாம் காட்டுறீங்க?" என்றால், "பெத்தவனுக்குப் பெருமை இருக்காதா? போடி, வேலையப் பாரு" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளி வேன் பழுது. சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டுத் தானே போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டும் என்ற புலம்பலையும் காலையிலேயே போட்டாயிற்று. சாயந்திரம் பள்ளி வாசலில் ஒருவன் அவளிடம் வந்தானாம்.

"குட்டிமா, அப்பாவுக்குக் கடையில வேலையாம். என்னை அனுப்பினாரு. ஓட்டத்துல ரெண்டாவதாமே நீ?"

பெண் அவன் வண்டியில் ஏறப்போய்விட்டாள். அதற்குள் இவர் வந்து சத்தம் போட்டதால் அவன் வண்டியை முறுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளைத்தான் திட்டினார். "தெரியாத ஆளோட போகாதேன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"அவருக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுதேப்பா. நம்ம வீட்டுக்கு வேண்டியவருன்னு நெனச்சேன்."

அவரை நான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "உங்க பக்கத்த யாரெல்லாம் பாக்குறாங்க?" என்று அங்கே கேட்டார்கள். இவர் போனை எடுத்து, காலையில் போட்டதைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இதுல பாதிப் பேரை எனக்கே தெரியாதுங்க" என்றார்.