பல்லில் இல்லாத வலி

ஃபக்ருதீன் திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரில் தள்ளுவண்டியில் கொய்யா விற்பவர். போன ஆடியில் ஒரு காலை, முகம் கழுவும்போது வலது கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. அதிலிருந்து காற்று பட்டாலும், வாய் திறந்து பேசினாலும் அதே வெட்டு. சோற்றைக் கரைத்துக் குடித்தார். விலை கேட்டவர்களுக்கு விரலைக் காட்டினார்.

பல் வலிதான் என்று ஒரு கிளினிக்கில் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, காப்பீடு ஏதும் இல்லாத மனிதர் எதற்கு ஆபரேஷன் என்றுகூட விசாரிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்று, மனைவி ரம்ஜான் பீயோடு யோகலட்சுமி என்ற வேறொரு பல் டாக்டரிடம் போனார். அவர் எடுக்க மறுத்துவிட்டார்.

"பல்லு நல்லா இருக்கு பாய். இது நரம்பு வலி மாதிரி தெரியுது. சென்னையில பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அங்க பணம் கேக்க மாட்டாங்க."

"அப்போ புடுங்கின ரெண்டு பல்லு?" என்றாள் ரம்ஜான் பீ.

"அது போனது போனதுதாம்மா."

மின்சார ரயிலில் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்காக ரம்ஜான் பீ பேசினாள்.

"சாப்புடவே பயந்துகினு இருக்காரு டாக்டர்."

"முகத்துக்குப் போற நரம்புலதான் தொந்தரவு," என்றார் டாக்டர். "மாத்திரைக்குக் கேக்கும்மா. கொஞ்சமா ஆரம்பிச்சுக் கூட்டுவோம். மொதல்ல தலை சுத்தும், நீங்களா நிறுத்திடாதீங்க. உடம்புல தடிப்பு வந்தா மட்டும் உடனே ஓடி வாங்க."

மாத்திரைகளை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள்.

தலை சுற்றத்தான் செய்தது. அவர் படுத்துக் கிடந்த நாட்களில் ரம்ஜான் பீ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மெல்ல மெல்ல வெட்டு குறைந்தது. ஒரு மத்தியானம் வண்டிப் பக்கம் வந்த ஃபக்ருதீன் பழங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"காயும் பழமும் கலந்து வெச்சுகினு இருக்கியே, எவன் வாங்குவான்? அடியில இருக்கறது நசுங்கிப் போச்சு பாரு!"

அவள் கண் கலங்க அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அப்டி பாக்குற?"

"இவ்ளோ நேரம் பேசுறீங்களே... வலிக்கலையா?"

ஃபக்ருதீன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை.

குளிர்ந்த காலைகளில் இன்னும் சில சமயம் சுருக்கென்று இழுக்கும். மாதம் தவறாமல் சென்னைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார். இந்தப் பெருநாளன்று பிரியாணியில் எலும்புத் துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தார். ரம்ஜான் பீ இன்னொரு கரண்டி வைத்தாள்.