சுத்தம் என்று நான் காட்டிய தண்ணீர்

பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீர் சுத்தமானது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

போன வருடம், மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு, சுகாதார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பற்றிச் சொல்லி ரிப்போர்ட் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. காஜா பேராங் பகுதியில் எங்கள் வரிசையில் பத்து வீடுகள். அடுப்படித் தண்ணீர், குழந்தைகளைக் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் பின்னால் ஒரு பள்ளத்தில் தேங்கி நாறும்.

பார்க்க வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல கங்கோங் கீரை நடுங்கம்மா. வேரு அழுக்கை இழுத்துக்கும். அப்பப்ப வெட்டிவிடணும், இல்லாட்டி அழுகிடும்" என்றார்.

நானும் பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவும் சேற்றில் தண்டுகளை ஊன்றினோம். இரண்டு மாதத்தில் நாற்றம் போய்விட்டது. பள்ளத்தின் கடைசியில் வழிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து எல்லாப் பெண்களுக்கும் காட்டினேன். "பாருங்க, சுத்தம்!" ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன்.

பிறகு மகனுக்கு வயிறு உப்பியது. ஒருநாள் மலத்தில் புழு நெளிந்தது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க, உங்க பிள்ளைக்கு என்னம்மா கொடுக்கிறீங்க?" என்று அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கேட்டார்.

"கீரைதான். பக்கத்து வீட்டு அக்கா கொடுப்பாங்க." சொல்லும்போதே எனக்குப் பள்ளம் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இது எங்க பறிச்சது?"

"வேற எங்க? நம்ம பள்ளத்துலதான்லா. வெட்டாட்டி அழுகிடும்னு இன்ஸ்பெக்டர் சொன்னதா நீதானே சொன்னே? இவ்வளவு தளதளன்னு இருக்கிறதைக் குப்பையிலயா போடுவாங்க?"

"கழுவினீங்களா?"

"கழுவாம கொடுப்பேனா? கடைசியில வழியுதே, அந்தத் தண்ணியில அலசித்தான் பத்து வீட்டுக்கும் கொடுத்தேன். நீ குவளையில பிடிச்சுக் காட்டினியே! ஏன்டி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"



மருந்தில் மகன் தேறிவிட்டான். கீரையால்தான் புழு வந்தது என்று டிரெஸ்ஸர் உறுதியாகச் சொல்லவில்லை. மண்ணில் விளையாடியும் வந்திருக்கலாம். இருந்தாலும் பத்து வீட்டுக்கும் போய், நான் சொன்னது தவறு என்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ரிப்போர்ட்டில் 'சுத்தம்' என்பதை அடித்துவிட்டு 'நாற்றம் இல்லை' என்று எழுதினேன். இந்த வேலைக்கு வரும் பெண்களே, கண்டதை மட்டும் எழுதுங்கள்.

கங்கோங் இன்னும் பள்ளத்தில் இருக்கிறது. பிடுங்கினால் நாற்றம் திரும்பிவிடும். வெட்டிப் போட்டால் யாராவது சமைத்துவிடுவார்கள். அழுக்கை இழுக்கும், ஆனால் யாருக்கும் சமைக்கத் தோன்றாத செடி ஏதாவது உங்கள் பக்கம் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். வெட்டியதை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.